காணிக்குச் சொந்தக்காரரா, காவல்காரரா? பூமியின் நாளையைப் பற்றிக் கொழும்பு வாசகர் கேட்கும் கேள்விகள்

தொலைநோக்குச் சிந்தனையாளர் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

வருங்காலத்தைப் பற்றி அழகாகப் பேசுகிற எல்லோரையும் அல்ல. தன் காலத்தவர் கணக்கில் எடுக்காத ஒன்றைக் கணக்கில் சேர்த்து, அதற்கு ஒரு நடைமுறையும் காட்டியவரை மட்டுமே இங்கே அப்படிச் சொல்கிறோம். பிறக்காத பிள்ளையின் பங்கு, நிலத்தடி நீரின் உப்பு, குப்பை மேட்டின் எடை எல்லாம் அப்படிக் கணக்கில் வராமல் கிடந்தவைதான்.

அப்படி ஒருவர் கொழும்பிலிருந்து வந்திருக்கிறாரா?

வந்திருக்கிறார். 1926இல் கொழும்பில் பிறந்த நீதியரசர் சி. ஜி. வீரமந்திரி. இலங்கை உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்து, ஆஸ்திரேலியாவில் சட்டப் பேராசிரியராகி, 1991 முதல் 2000 வரை த ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். கடைசி மூன்று ஆண்டுகள் அதன் உப தலைவர். 2017 ஜனவரியில் காலமானார். நம் பிள்ளைகளில் பலருக்கு இவர் பெயர் தெரியாது என்பது வருத்தமான விஷயம்.

1995இல் பிரான்சின் அணுப் பரிசோதனைகளை எதிர்த்து நியூசிலாந்து அந்த நீதிமன்றத்துக்கு வந்தபோது, பெரும்பான்மை நீதிபதிகள் மனுவை ஏற்கவில்லை. வீரமந்திரி மாறுபட்டு எழுதினார். வருங்காலத் தலைமுறையினர் நீதிமன்றத்துக்கு வந்து பேச முடியாது, ஆகவே அவர்களுடைய உரிமைக்கு நீதிமன்றமே நம்பிக்கைப் பொறுப்பாளர் என்பது அவர் வாதம்.

1997 டான்யூப் வழக்கில் அவர் சொன்னது என்ன?

டான்யூப் நதியில் அணைத் திட்டம் ஒன்றைக் கட்ட ஹங்கேரியும் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவும் 1977இல் உடன்படிக்கை செய்தன. சுற்றாடல் கெடும் என்று ஹங்கேரி வேலையை நிறுத்தியது. வழக்கு ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் இடையே நடந்து, 1997 செப்டெம்பர் 25ஆம் திகதி தீர்ப்பு வந்தது. வீரமந்திரி அதில் தனியாக ஒரு கருத்துரை எழுதினார். அதிலிருந்து இரண்டு விஷயங்கள் இன்றைக்கும் நமக்கு நேரடியாக உதவும்.

முதலாவது: நிலைபேறான அபிவிருத்தி என்பது மேடைப் பேச்சு அல்ல, சட்டத்தில் எடையுள்ள ஒரு கோட்பாடு. இதைக் காட்ட அவர் எடுத்துப் பேசிய சான்றுகளில் இலங்கையின் குளங்களும் கால்வாய்களும் முக்கியமானவை. இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரர், வேட்டையாட வந்த மன்னனிடம், நிலம் மக்களுக்கும் மற்ற உயிர்களுக்கும் உரியது, நீ அதன் காவலன் மட்டுமே என்று சொன்னதாக வரும் மரபையும் எடுத்துக் காட்டினார். மழையில் சிறிதளவு நீரும் மனிதருக்குப் பயன்படாமல் கடலுக்குப் போகக்கூடாது என்ற பராக்கிரமபாகு மன்னனின் கொள்கையும் அங்கே வருகிறது.

இரண்டாவது: ஒரு திட்டத்தின் சுற்றாடல் தாக்கத்தை ஆரம்பத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கோப்பை மூடக்கூடாது. திட்டம் இயங்கும் காலம் முழுவதும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசிக் கேள்வியில் இதற்குத் திரும்பி வருகிறோம்.

பழைய குளத்தில் அப்படி என்ன நுட்பம்? அது வெறும் மண் கட்டுத்தானே?

கட்டை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். உலர் வலயத்துச் சிறு குளங்கள் தனித்தனியே நிற்பதில்லை. ஒரே பள்ளத்தாக்கில் மேல் குளத்துக் கழிவு நீர் கீழ்க் குளத்துக்கு வரும்படி தொடராக அமைந்தவை. ஐக்கிய நாடுகள் உணவு விவசாய அமைப்பு 2017இல் இந்தக் குளத்தொடர் முறையை உலக விவசாய மரபுரிமையாக ஏற்றது.

ஒரு குளத்தை மேலிருந்து கீழே நடந்து பார்ப்போம். நீர் வரும் பக்கத்தில் முதலில் சிறு பள்ளங்கள். வண்டல் அங்கேயே தங்கும், காட்டு விலங்கும் அங்கே குடிக்கும், பெரிய குளத்துக்கு இறங்காது. அடுத்து புல் வரிசை, மிச்ச மண்ணை அது வடிக்கும். நீர் விளிம்பில் மரத்தோப்பு. காற்றின் வேகத்தைக் குறைத்து ஆவியாதலையும் அலை அரிப்பையும் தடுக்கும். பிறகு கட்டு. பெரிய குளங்களில் கட்டின் உட்புறம் கல்லால் கட்டிய சதுரக் கிணறு ஒன்று இருக்கும், சிங்களத்தில் பிசோகொட்டுவ என்பார்கள். உயரத்தில் நிற்கும் நீரின் அழுத்தத்தை அது உடைத்து, மதகு வழியாக நீரை அமைதியாக வெளியே விடும். பக்கவாட்டில், மிகை நீர் வழிந்தோட, கலிங்கு. கட்டுக்குக் கீழே, வயல் தொடங்குமுன், ஈரமான புதர்க்காடு ஒன்று. சிங்களத்தில் கட்டகடுவ. கட்டினூடே கசியும் நீரிலுள்ள உப்பை அந்தச் செடிகள் பிடித்துக்கொள்ளும்.

இப்போது நடப்பது என்ன? குளத்தைப் புனரமைக்கும்போது கட்டை உயர்த்துகிறார்கள், வண்டலை அள்ளுகிறார்கள், புதர்க்காட்டை வெறும் பற்றை என்று வெட்டி வயலாக்கி விடுகிறார்கள். உப்பைப் பிடிக்க ஆள் இல்லாமல் போகிறது. அதன் பிறகு முதல் வரிசை வயல்களில் பயிர் எரிந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பாகங்களில் ஒன்றைப் பயனற்றது என்று தள்ளுகிற அவசரத்தில்தான் பெரும்பாலான கேடு தொடங்குகிறது.

வீரமந்திரி எழுதியது வெளிநாட்டு நீதிமன்றக் கதை. இலங்கையில் யாருக்காவது பயன்பட்டதா?

எப்பாவல வழக்கைப் பாருங்கள். அநுராதபுர மாவட்டத்து எப்பாவலவில் பொஸ்பேற்றுப் படிவு உண்டு. வெளிநாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து அதைப் பெருமளவில் தோண்டும் ஒப்பந்தம் 1990களில் தயாரானது. அந்த இடத்தருகே கலாவெவக் குளத்திலிருந்து அநுராதபுரத்துக்கு நீர் கொண்டுபோகும் ஜய கங்கை என்ற பழைய கால்வாயும் ஓடுகிறது. சுமார் 54 மைல் நீளம். முதல் 17 மைலில் மைலுக்கு 6 அங்குலச் சரிவுதான்.

அங்கு வாழும் விவசாயிகள் உட்பட ஊர்க்காரர் சிலர் அடிப்படை உரிமை மனு போட்டார்கள். 2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. படிவைப் பற்றி முழுமையான ஆய்வு முதலில் வேண்டும், சட்டப்படியான சுற்றாடல் தாக்க மதிப்பீடும் வேண்டும், அதற்குமுன் ஒப்பந்தம் செய்யக்கூடாது. மக்கள் ஒப்படைத்த இயற்கை வளத்துக்கு அரசு பாதுகாவலர் என்ற கருத்து அந்தத் தீர்ப்பின் நடுவில் நிற்கிறது. வீரமந்திரியின் 1997 கருத்துரையும் அதில் எடுத்துக்காட்டப்பட்டது. (இந்தியாவிலிருந்து வாசிப்பவர்களுக்கு: இலங்கையில் உயர் நீதிமன்றம் என்றால் நாட்டின் அதி உச்ச நீதிமன்றம்.)

தமிழில் இந்தச் சிந்தனைக்கு வேர் உண்டா?

உண்டு, ஆழமாகவே. புறநானூற்றின் 18ஆம் பாட்டில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் புகழ் வேண்டுமானால் நீரைத் தேக்கு என்கிறார். உணவு என்பது நிலமும் நீரும் சேர்ந்தது, அவற்றைச் சேர்த்தவரே உடலையும் உயிரையும் படைத்தவர் என்பது அவர் கணக்கு. போரில் வென்ற அரசனிடம் குளம் வெட்டச் சொன்ன துணிவு அது.

நவீன காலத்தில் ஜே. சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர், கணக்காளராகப் பயின்றவர், காந்தியின் கிராமப் பொருளாதாரத்துக்கு அறிவு வடிவம் கொடுத்தவர். மனிதப் பொருளாதாரங்களை விலங்குகளைக் காட்டிப் பிரித்தார். புலி தன் உணவின் மூலத்தையே கொல்லும். குரங்கு எதையும் நடாமல் பழத்தை மட்டும் பறிக்கும். கூடு கட்டும் பறவை உழைத்ததை அனுபவிக்கும். தேனீ கூட்டத்துக்காகச் சேர்க்கும். தாய்ப்பறவை பதில் எதிர்பாராமல் குஞ்சுக்கு ஊட்டும். உங்கள் ஊரில் ஒரு திட்டம் வந்தால் இது ஐந்தில் எது என்று கேட்டுப் பாருங்கள். பக்கம் பக்கமான அறிக்கையை விட விரைவாகத் தெளிவு கிடைக்கும்.

ஆதர் சி. கிளார்க்கை இந்த வரிசையில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 35,800 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதி பூமியோடு ஒத்துச் சுற்றும், அங்கிருந்து உலகம் முழுவதற்கும் தொடர்பாடல் செய்யலாம் என்று 1945இல் எழுதிய அறிவியல் புனைகதை எழுத்தாளர் அவர். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008இல் கொழும்பில் காலமானார், பொரளை கனத்தை மயானத்தில் அடக்கம். வங்காள விரிகுடாவில் புயல் திரளுவதை அதே உயரத்திலுள்ள வானிலைச் செய்மதிகள்தான் இன்று நமக்குக் காட்டுகின்றன.

பெரிய கனவு இருந்தால் போதுமா? 2021 உரத் தடை ஏன் தோற்றது?

போதாது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நாடு முழுவதும் இயற்கை விவசாயம் என்பது இலக்கு. பெரும்போக நெல் விளைச்சல் கடுமையாக வீழ்ந்தது, தேயிலையும் அடிபட்டது, நவம்பரில் தடையை நீக்கினார்கள். இலக்கு கெட்டதல்ல. கணக்குத்தான் போடப்படவில்லை.

அந்தக் கணக்கை நீங்களே போடலாம். ஹெக்டேயருக்கு 5 தொன் நெல் எடுக்கும் பயிர் ஏறத்தாழ 100 கிலோ நைதரசனை உறிஞ்சும். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன், ஆகவே 217 கிலோ, அதாவது 50 கிலோ மூடை நான்கும் கொஞ்சமும். நல்ல கூட்டெருவில் நைதரசன் 1 சதவீதமளவில் இருக்கும். 100 கிலோவுக்கு 10 தொன் வேண்டும். அதிலும் முதற் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பங்குதான், மீதி மண்ணில் மெதுவாக அவிழும். நாலிலொரு பங்கு கிடைக்கிறது என்று வைத்தால் ஒரு ஹெக்டேயருக்கு 40 தொன். அதை யார் செய்வது, எந்த லொறியில் ஏற்றுவது, ஆறு மாதத்தில் எப்படி? மண் தானே கொஞ்சம் தரும், அவரைக் குடும்பப் பயிர்கள் தரும் என்றாலும் இடைவெளி பெரியது. பல ஆண்டுகளாக மண்ணின் சேதனப் பொருளை ஏற்றிக்கொண்டு உரத்தைப் படிப்படியாகக் குறைத்திருந்தால் கதை வேறு.

இதே கொழும்பில், 2019 ஒக்டோபரில், நைதரசன் விரயத்தை 2030க்குள் பாதியாகக் குறைப்பது என்ற கொழும்புப் பிரகடனம் வெளியானது. அது தடை அல்ல, விரயக் குறைப்பு. யூரியாவை ஒரே தடவை கொட்டாமல் பிரித்துப் போடுவது, இலை நிற அட்டையை வயலில் பிடித்துப் பார்த்துப் பச்சை குறைந்தால் மட்டும் போடுவது, மழைக்கு முந்திய நாள் போடாமல் இருப்பது போன்ற சிறு வேலைகளால் நடப்பது. இந்த வழிதான் சரி என்பது எங்கள் உறுதியான கருத்து.

பக்கத்துச் சதுப்பு நிலத்தில் இரவோடு இரவாக மண் கொட்டுகிறார்கள். நான் என்ன செய்யலாம்?

கொழும்பு 2018இல், சதுப்பு நிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், சதுப்பு நில நகரமாக அங்கீகாரம் பெற்ற முதல் நகரங்களில் ஒன்று. பெத்தகான, கொலன்னாவ, தலங்கம சதுப்புகள் மழைநீரைத் தாங்கும் பஞ்சு. மீன்பிடிப் பூனை நகரத்துக்குள் வாழ்வதும் இவற்றால்தான். 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் வந்தது நினைவிருக்கும். பஞ்சை நிரப்பினால் நீர் வீட்டுக்குள் வரும்.

முதலில் ஆதாரம். ஒரே இடத்தில் நின்று, அசையாத அடையாளம் ஒன்று (மின்கம்பம், கோவில் கோபுரம்) படத்தில் விழும்படி எடுங்கள். திகதி, நேரம், கைப்பேசி வரைபடத்திலுள்ள இடக்குறி, கொட்டிய மண்ணின் உயரம், மொத்தப் பரப்பு எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். லொறிக்காரரோடு வாக்குவாதம் வேண்டாம்.

அடுத்தது யாரிடம் போவது. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். வயல் காணி என்றால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி நிரப்ப அனுமதி வேண்டும், ஆகவே கமநல சேவை நிலையம். தாழ்நிலம் என்றால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். கட்டடம் எழும்புகிறது என்றால் நகர அபிவிருத்தி அதிகார சபையும் உள்ளூராட்சி மன்றமும். எல்லாக் கடிதங்களின் பிரதியும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு. ஓர் அலுவலகத்துக்கு மட்டும் எழுதினால் இது எங்கள் எல்லையில் இல்லை என்ற ஒரு வரியோடு மூன்று வாரம் போய்விடும். பொருந்தும் எல்லா அலுவலகங்களின் பெயரையும் கடிதத் தலைப்பிலேயே போட்டு, ஒரே நாளில், பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தமிழில் எழுத உங்களுக்கு உரிமை உண்டு.

ஒரு நுணுக்கம்: 4 ஹெக்டேயருக்கு மேல் நிலம் நிரப்பினால் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு வரையறைக்குள் வரும். துண்டு துண்டாக நிரப்பும்போது ஒவ்வொன்றும் அந்த எல்லைக்குக் கீழே நின்றுவிடும். ஆகவே உங்கள் துண்டை மட்டும் எழுதாமல், அந்தச் சதுப்பில் ஏற்கனவே நிரம்பிய மொத்தப் பரப்பையும் குறிப்பிடுங்கள்.

அனுமதி இருக்கிறது என்கிறார்கள், காட்ட மறுக்கிறார்கள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்குத்தான். அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுவும் தோற்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

விண்ணப்பம் தோற்பது பெரும்பாலும் கேள்வியால்தான். ஏன் அனுமதி கொடுத்தீர்கள் என்று கேட்டால் அது கருத்து, பதில் வராது. ஆவணத்தைக் கேளுங்கள்: அனுமதிக் கடிதத்தின் பிரதி, கொடுத்த திகதி, இணைத்த நிபந்தனைகள், வெளிக்களப் பரிசோதனைக் குறிப்பு. ஏற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள்.

நீதிமன்றம் போக வேண்டி வந்தால்?

அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரை தரும் காலம் ஒரு மாதம்தான். நல்ல வழக்குகள் பல இந்த ஒரு மாதத்தில் செத்துப்போகின்றன, ஏனென்றால் கடிதத்துக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்திருப்பார்கள். சம்பவம் தெரிந்த வாரத்திலேயே சட்டத்தரணியைப் பாருங்கள். சுற்றாடலைப் பாதுகாப்பது அரசின் கடமை என்று 27(14)உம், இயற்கையைப் பேணுவது ஒவ்வொருவரின் கடமை என்று 28ஆம் உறுப்புரையும் சொல்கின்றன.

பெரிய வழக்கும் வெல்லும். 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்து ஜூன் 2இல் மூழ்கத் தொடங்கியது. சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் அதில் இருந்தன. சிலாபம் முதல் நீர்கொழும்பு, பாணந்துறை வரை கரையெங்கும் அரிதட்டு வைத்து மணலைச் சலித்தார்கள். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பு 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

நான் தொடர்மாடியில் இருக்கிறேன். காணியும் இல்லை, காவலும் இல்லை. என்னால் என்ன ஆகும்?

குசினி வாளியில் தொடங்குங்கள். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்ல குப்பை மேடு சரிந்து 30க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மென்மையான சதுப்பு மண்ணின் மேல், ஈரக் குப்பை செங்குத்தாக உயர்ந்து, மழைநீரும் ஊறி எடை கூடியது. கொழும்புக் குப்பையில் பாதிக்கு மேல் இந்த ஈரக் குப்பைதான்.

20 லீற்றர் வாளி இரண்டு, மூடியோடு. பக்கத்திலும் அடியிலும் 8 மில்லிமீற்றர் துளை 25 அளவில் போட்டு, அடியில் ஒரு தட்டு. அடிப்பகுதியில் 5 சென்ரிமீற்றர் தும்புத் தூள். தும்புத் தூளை ஒருமுறை தண்ணீரில் அலசிப் பிழிந்து போடுவது நல்லது, சிலவற்றில் உப்பு இருக்கும். நாளாந்தம் மரக்கறிக் கழிவை விரல் கணு அளவுக்கு நறுக்கி ஒரு பங்கு, தும்புத் தூளோ காய்ந்த இலையோ கிழித்த அட்டையோ இரண்டு பங்கு. வாரம் இரண்டு முறை அடிவரை கிளறுங்கள். வாளி நிறைந்தால் மூடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். நம் வெப்பத்தில் 6 முதல் 8 வாரத்தில் மண் வாசனை வரும்.

கையில் எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழ வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், காற்றுப் போகாமல் அழுகின முட்டை நாற்றம் வரும், தூள் போட்டுக் கிளறுங்கள். எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். அமோனியா நாற்றம் என்றால் பச்சைக் கழிவு கூடிவிட்டது. நம் வீடுகளில் கெடுக்கிற முக்கிய பொருள் பால் பிழிந்த தேங்காய்ப்பூ. எண்ணெய்ப் பசையால் கட்டிபட்டு உள்ளே புளிக்கும். உதிர்த்து, தூளோடு பிசறித்தான் போட வேண்டும். மீன், இறைச்சி, மிஞ்சிய கறி வேண்டாம். தடித்த சாம்பல் நிறப் புழு தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது கருஞ்சிப்பாய் ஈயின் புழு, வேலையை விரைவாக்கும்.

மழைநீர்?

கூரைப் பரப்பு சதுர மீற்றரில், மழை மில்லிமீற்றரில், இரண்டையும் பெருக்கி 0.8ஆல் பெருக்குங்கள். 50 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் பெய்தால் 4,000 லீற்றர். முதல் 25 முதல் 50 லீற்றரை வெளியே விடுங்கள், கூரையின் தூசியும் பறவை எச்சமும் அதில் போகும். தாங்கியின் ஒவ்வொரு வாயிலும் நுளம்பு புகாத நுண்வலை. வலை கிழிந்த தாங்கி டெங்குத் தொட்டி.

திட்டத்துக்கு எல்லா அனுமதியும் கிடைத்துவிட்டது. இனி எங்களுக்கு வேலை இல்லையா?

இப்போதுதான் இருக்கிறது. தொடர்ந்து மதிப்பிட வேண்டும் என்று வீரமந்திரி எழுதியது இந்தக் கட்டத்துக்காகத்தான். அனுமதியின் நிபந்தனைகளை வாங்கி, ஒவ்வொன்றையும் பார்க்கக்கூடிய ஒன்றாக மாற்றுங்கள். "வடிகால் தடைப்படக்கூடாது" என்றால் வடிகாலின் வாயை அளந்து எழுதுங்கள். கால்வாய்ச் சுவரில் சென்ரிமீற்றர் குறியிட்ட கம்பு ஒன்றை அனுமதி பெற்று நிறுத்துங்கள். மாதத்தின் முதல் ஞாயிறும், 50 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்த மறுநாளும் நீர்மட்டத்தையும் அதே கோணத்துப் படத்தையும் பதியுங்கள். பெரிய மழை இல்லாத மாதத்திலும் விடாதீர்கள், ஒப்பிட அந்த எண்தான் தேவைப்படும்.

ஒரு கோடு போட்ட கொப்பி போதும்: திகதி, நேரம், நீர்மட்டம், முந்திய நாள் மழை, படத்தின் இலக்கம், பார்த்தவர் கையொப்பம். கையொப்பம் இரண்டு பேருடையதாக இருந்தால் அலுவலகத்தில் மதிப்பு வேறு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதன் பிரதியை மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு அனுப்பி, பற்றுச்சீட்டைக் கொப்பியின் பின் அட்டையில் ஒட்டி வையுங்கள்.